ஏழாம் எண் தகடு

காரைக்குடிப் பக்கம் இரும்பு
எவ்வளவு மெதுவாகத் துருப்பிடிக்கிறது
என்பதுதான் என் ஆய்வு.
சிரிக்காதீர்கள். சிக்கந்தர் ஜெராக்ஸில்
எல்லோரும் சிரித்தாகிவிட்டது.

கோட்டையூர் வாடகை வீட்டு மொட்டைமாடியில்
சட்டம் அடித்து, தெற்குப் பார்க்கச் சாய்த்து,
பன்னிரண்டு தகடுகள் வைத்தேன்.
ஆறு மாதத்துக்கு ஒன்று எடுக்கணும்,
அமிலத்தில் கழுவணும், எடை போடணும்.
ஆறே வருஷம். டாக்டர் வள்ளிக்கண்ணு.

ஐந்து எடுத்தேன்.
அப்புறம் மசக்கை. அமில வாடை ஆகவில்லை.
அப்புறம் நெறியாளர் ஞானசிகாமணி ஓய்வுபெற்றார்.
விழா முடிந்து, சால்வையோடு படியிறங்கும்போது
"அடுத்த தையில முடிச்சிரும்மா" என்றார்.
எந்தத் தை என்று நானும் கேட்கவில்லை.
அவருக்கு அடுத்து வந்தவள் எனக்கு ஜூனியர்.
"அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே
கால நீட்டிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடுவாள்.

அந்தப் படிவத்தில் 'தாமதத்துக்கான காரணம்' என்றொரு கட்டம்,
ஒரு விரற்கடை அகலம்.
முதலில் 'மகப்பேறு' என்று எழுதினேன்.
பிறகு 'தரவுச் சேகரிப்பு'.
ஒருமுறை, மாமியாரின் முழங்கால்.
அதற்குப் பின்னால் எல்லாம் 'மேற்படி'.

கல்யாண வீடுகளில் இரண்டாம் பந்திக்கு நிற்கையில்
யாராவது கேட்பார்கள்: இன்னுமா?
வாயில் கவுனி அரிசி இருந்தால் தப்பித்தேன்.

தெய்வானைக்கு ஐந்து வயதானபோது
ஏழாம் எண் தகட்டை இறக்கிப்
பழைய இரும்புக்காரரிடம் கொடுத்து
ஒரு கை பேரீச்சம்பழம் வாங்கித் தின்றுவிட்டாள்.
அடிக்க ஓங்கினேன்.
எனக்கென்று ஒன்று மிச்சம் வைத்திருந்தாள்.
ஈ மொய்த்த பழம். சாப்பிட்டேன்.
அட்டவணையில் ஏழுக்கு நேரே
'இழப்பு' என்று மட்டும் இருக்கும்.

இரும்பைப் பற்றி ஒன்று சொல்லணும்.
முதல் வருஷம் அவசர அவசரமாய்த் துருவேறும்.
பிறகு அந்தத் துருவே படலமாய்க் கெட்டித்து
காற்றையும் ஈரத்தையும் உள்ளே விடாது.
தன் அழுக்கின் மறைவில்
ஆறப்போட்டு உட்கார்ந்துவிடும்.
மூன்றாம் இயலில் இதை இருபத்தாறு பக்கம் எழுதினேன்.
யாரைப் பற்றி என்று எவரும் கேட்கவில்லை.

போன வியாழன் வாய்மொழித் தேர்வு.
வெளியூர்த் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி,
"பதினெட்டு வருஷத் தரவு! என்ன பொறுமை,
என்ன திட்டமிடல்!" என்றார்.
பின்வரிசையில் பள்ளிச் சீருடையோடு தெய்வானை.
இருமலா சிரிப்பா, ஏதோ ஒன்று அங்கிருந்து கிளம்பியது.
எடுக்க மறந்த ஆறு தகடுகளுக்காக
நான் அடக்கமாய்த் தலையாட்டினேன்.

இன்று வெறும் சட்டத்தைப் பிரித்தேன்.
கீழே தட்டோட்டில்
பதினெட்டு வருஷ மழை ஒழுகி
ஆறு பழுப்பு நாக்குகள்.
ஏழாமதன் இடத்தில் ஒரு வெளுத்த கீற்று.
வீட்டுக்காரர் நாளை வருகிறார்,
அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்.
வாளியும் தேங்காய்நாரும் எடுத்துவந்து
தேய்க்க உட்கார்ந்தேன்.
தேய்த்தால் போகிற கறை இல்லை.
பார்க்க: இயல் மூன்று, பக்கம் தொண்ணூற்றொன்று.