ஏழாவது டிக்கெட்

வாரத்துக்கு இரண்டு பையன்களாவது வருகிறார்கள்,
நெற்றியில் விளக்கும் நீளக் குச்சியில் கேமராவுமாய்.
புதுவயல் சாலையில் அந்நேரம் திறந்திருப்பது
என் டீக்கடை ஒன்றுதான்.
"அக்கா, பேய் எந்தப் பக்கம்?"

அலைக்குளத்தில் ஒருத்தி மூழ்கினாளாம்.
ராட்டினத்திலிருந்து குழந்தை விழுந்ததாம்.

யாரும் மூழ்கவில்லை. எதுவும் விழவில்லை,
ஒரு செருப்பைத் தவிர.
பதின்மூன்று வருஷம் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் சொல்கிறேன்:
போனவர்களை எண்ணினேன், வந்தவர்களையும் எண்ணினேன்.
ஒரே ஒரு நாள் ஒன்று குறைந்தது.
தேவகோட்டைப் பள்ளிக்கூட பஸ் டிரைவர்
மோட்டார் ரூமில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஈப்போவில் டயர் விற்ற கரு. வயிரவன் செட்டியார்
அங்கே எதையோ பார்த்துவிட்டு வந்து
செம்புறாங்கல்லைக் குடைந்தார். அறுநூற்று நாற்பது அடி.
தண்ணீர் வந்தது, சுடச்சுட, துரு வாசத்தோடு.
கோயம்புத்தூரில் யாரோ கழித்துப் போட்ட அலை மெஷின்
இரண்டு லாரியில் வந்து இறங்கியது.
அரை மணிக்கு ஒரு தரம் சங்கு ஊதும்.
பத்து நிமிஷம் கடல்.

பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டு வருகிறவர்கள்தான் கூட்டம்.
பூசிய நெற்றியோடு இறங்குவார்கள்.
சாயங்காலம் வடிகட்டியைக் கழற்றினால்
விபூதி பிசுபிசுவென்று அப்பியிருக்கும்,
ஒரு நாள் அதன் நடுவில் மூக்குத்தித் திருகாணி.
டப்பாவில் போட்டு வைத்தேன்.
இன்னும் யாரும் கேட்டு வரவில்லை.

பிறகு கரண்ட் போக ஆரம்பித்தது.
ராட்டினம் நின்றுபோய்
உச்சிக் கூண்டில் ஒரு ஜோடி, நாற்பது நிமிஷம்.
ஏறும்போது மாப்பிள்ளை, இறங்கும்போது யாரோ.
சூசைராஜ்தான் கம்பியில் தொற்றி ஏறி
தண்ணீர் பாட்டில் கொடுத்தவன்.
"பேசாம இருந்தாங்கக்கா, வெயில்ல ரெண்டு காக்கா மாதிரி."

அடுத்த கோடையில் காலனிப் பெண்கள்
குடத்தோடு கேட்டில் வந்து நின்றார்கள்.
எங்கள் போர் ஆழமாக ஆழமாக
அவர்கள் கிணறு பாறையைக் காட்டியிருந்தது.
முதல் நாள் செட்டியார் விரட்டினார்.
இரண்டாம் நாள் தானே குழாயைத் திறந்தார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
தாசில்தார் ஜீப் வந்து போனதாகச் சொன்னார்கள்.
அவர்களையும் எண்ணினேன், பழக்கதோஷம்:
நூற்றுப் பதினெட்டுக் குடம்.
அந்த வருஷம் அலை கெண்டைக்கால் வரைதான் வந்தது.

கடைசி நாள் செவ்வாய்க்கிழமை.
அறந்தாங்கியிலிருந்து ஐந்து பேர், ஒரே குடும்பம்.
நிழலுக்கு ஒதுங்கிய மருந்து கம்பெனி ஆள் ஒருவர்.
ஏழாவதாக மின்வாரியத்துக்காரர், தோளில் ஏணி.
ஃபியூஸைப் பிடுங்க வந்திருக்கிறேன் என்றார்.
டிக்கெட் இல்லாமல் யாரையும் விட்டதில்லை என்றேன்.
என் முகத்தையே பார்த்தார்.
ஏணியை இறக்கி வைத்தார்.
சட்டைப் பையிலிருந்து நூற்றைம்பதை எண்ணி நீட்டினார்.
கொஞ்ச நேரத்தில் சங்கு
பாதி ஊதி நின்றது.

டால்பின் பொம்மை காரைக்குடியில் ஒரு ஹோட்டல் வாசலில் நிற்கிறது.
ராட்டினம் கிலோ கணக்கில் போயிற்று.
சம்பள பாக்கிக்கு எனக்கு வந்தது
மிச்சமிருந்த டிக்கெட் கட்டுகள், மூன்று சாக்கு.

அதிலிருந்துதான் இந்தப் பையன்களுக்குக் கிழித்துக் கொடுக்கிறேன்.
பேய் மோட்டார் ரூமில் என்று சொல்லி அனுப்புகிறேன்,
அங்கேதான் பாம்பு கிடையாது.
டீ தனிக் காசு.

விடிய நாலு மணிக்குத் திரும்புகிறார்கள்,
ஒன்றும் அகப்படாத முகத்தோடு.
பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே எண்ணுகிறேன்.
ஒண்ணு.
ரெண்டு.