நிற்காதீர்கள்

தீபாவளிக்குச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று
விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன்.
செய்தித்தாளில் விழுந்தன
முறுக்குத் தூள், ஒரு நகம், பாதி எறும்பு,
யாருடையதோ நரைமுடி.
சுருட்டிக் குப்பைக் குழாயில் போட்டேன்.
பதினோரு மாடி இறங்கும் சத்தம்.
அதில் ஒன்று மட்டும்
கொஞ்சம் கெட்டியாகக் கேட்டது.

உட்கார்ந்து விரல் வைத்ததும் தெரிந்தது.
இடது சுட்டுவிரல்
கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கும் அந்தச் சின்ன மேடு
இல்லை.
எஃப்.
ஆங்கிலத்துக்கு அது ஓர் எழுத்து.
நான் தட்டும் தமிழில் அதுதான் புள்ளி.
உகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவே
பல் விழுந்த ஈறு.

காலை ஆறுக்குள் அனுப்ப வேண்டும்.
துவாஸில் தோண்டும் ஒரு குழிக்கு
நான்கு மொழியில் எச்சரிக்கை.
சீனம் வந்துவிட்டது, வங்காளம் வந்துவிட்டது,
தமிழ் எங்கே லா என்று
ஹஸ்லினா மூன்று முறை கேட்டுவிட்டாள்.

முதலில் கடன் வாங்கிப் பார்த்தேன்.
பழைய கோப்பிலிருந்து ஒரு புள்ளியை நகலெடுத்து
வேண்டிய இடமெல்லாம் ஒட்டினேன்.
நடுவில் ஞாபகமில்லாமல்
யாருடைய தொலைபேசி எண்ணையோ நகலெடுக்க,
அடுத்த மெய்யின் தலையில்
எட்டு இலக்கம் ஏறி உட்கார்ந்தது.

பிறகுதான் மென்பொருளின் குணம் நினைவுக்கு வந்தது.
ஒரே எழுத்தை இருமுறை தட்டினால்
முன்னதற்குத் தானே புள்ளி வைத்துவிடும்.
பள்ளம் என்பதில் பள்ள வரை சிக்கலில்லை.
கடைசியில் ம, இன்னொரு ம.
ம்ம.
பின்னதை அழித்தால் ம் மிஞ்சும்.
இப்படியே ஒவ்வொரு மெய்க்கும்
ஓர் இரட்டையை வரவழைத்து
வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பினேன்.

மணி மூன்றுக்கு வந்தது அந்தச் சொல்.
நிற்காதீர்கள்.
ஒரே சொல்லில் மூன்று புள்ளி.

சுற்றுவழி ஒன்று இருந்தது.
நில்லாதே.
லகரம் தானே இரட்டிக்கும், தனியாகப் புள்ளி வேண்டாம்.
தொடாதே. ஏறாதே. குனியாதே.
வழுக்கிக்கொண்டு ஓடியது மொழி.
தட்டிவிட்டுப் படித்துப் பார்த்தேன்,
யாரோ மேஸ்திரி கத்துவது போலிருந்தது.

மரியாதையெல்லாம்
கடைசி ளகரத்தின் தலையில்தான் இருக்கிறது என்று
நாற்பத்திரண்டு வயதில்,
ஒரு பிளாஸ்டிக் துண்டைத் தொலைத்துத்
தெரிந்துகொண்டேன்.

ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைக்க மாட்டார்களாம்,
ஓலை கிழியும் என்று.
படிப்பவர் பார்த்துக்கொள்வார்.
அவர் உட்கார்ந்து படிப்பார்.
பள்ளத்தின் விளிம்பில்
பூட்ஸ் நிறையச் சேறோடு நிற்பவரிடம்
ஊகித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடியுமா?

நில்லாதேயை அழித்தேன்.
நி. ற, ற, அழி. கா. தீ. ர, ர, அழி. க. ள, ள, அழி.
இருபத்தேழு இடங்கள்.
முதல் ரயில் ஈசூனைக் கடக்கும்போது அனுப்பினேன்.

அடுத்த மாதம் வேறு வேலையாகத் துவாஸ் போனேன்.
வேலியில் மாட்டியிருந்தது என் பலகை,
மஞ்சளில் கறுப்பு, கையகல எழுத்து.
முதல் வரி சரி. இரண்டாவது சரி.
மூன்றாவதன் கடைசியில் ஒரு ள
மொட்டைத் தலையோடு.
எங்கோ தூங்கியிருக்கிறேன்.
ஆனால் அதன் உச்சியில், மிகச் சரியாக,
சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு.
சிமெண்ட் தெறித்திருக்கலாம்.
கிட்டே போய்ச் சுரண்டிப் பார்க்கலாமென்று
கையை நீட்டினேன்.

மேலே சாரத்திலிருந்து ஒரு குரல்.
அக்கா, அங்க நிக்காதீங்க.

நகர்ந்தேன்.
பேருந்தில் என் விரல்கள்
மடிமேல் அதைத் தட்டிப் பார்த்தன.
நி, க, கா, தீ, ங, க.
எஃப் பக்கம் போகவே வேண்டியிருக்கவில்லை.