ஒரு ‘ங்க’ கூடிப்போச்சு

வெள்ளிக்கிழமை வரைக்கும் நான்
மூன்றாம் மேசையில் காயில் சுற்றுகிறவள்.
திங்கட்கிழமை காலை எட்டரைக்கு
நீலக் கோட்டு ஒன்று, பேனா ஒன்று,
நூல் கட்டிய அட்டை ஒன்று.
சின்னவேடம்பட்டிப் பம்ப் கம்பெனியில்
வைண்டிங் பகுதிக்கு நான் சூப்பர்வைசர்.

முதல் சங்கடம் கைகள்.
ஒன்பது வருடம் செம்புக் கம்பியைப் பிடித்தவை
சும்மா தொங்கத் தெரியாமல்
இடுப்புக்குப் போயின, முதுகுக்குப் பின்னால் போயின,
கடைசியில் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டன,
முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி.

இரண்டாவது, சாந்தாமணி.
“வாடி, டீ ஆறுது” என்று கூப்பிடுகிறவள்
அன்றைக்கு எழுந்து நின்று
“வாங்க” என்றாள்.
எங்கள் பக்கத்துப் பேச்சு மரியாதையானது என்பார்கள்.
அந்த மரியாதையால் கதவையும் சாத்தலாம் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
மத்தியானம் சோத்து டப்பாவோடு போய் உட்கார்ந்தேன்.
பேச்சு சடாரென்று மழையைப் பற்றி ஆனது.
வானத்தில் மேகமே இல்லை.

வேலையை யாரும் சொல்லித் தரவில்லை.
முதலாளி சொன்னது ஒரே வரி:
“எல்லாத்து மேலயும் ஒரு கண்ணு இருக்கோணும்.”
எல்லாம் என்றால் ஆட்கள் என்று எடுத்துக்கொண்டேன்.
யார் எத்தனை தரம் எழுந்து போனார்கள்,
கலாமணிக்கு யார் போன் செய்தது,
யார் சித்த நேரம் சுவரில் சாய்ந்தது,
எல்லாம் அட்டையில் ஏறியது.
போர்டை நான் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை சோதனை மேசையில்
சிவப்பு விளக்கு.
மறுபடி சிவப்பு.
பதினேழு ஸ்டேட்டர், அத்தனையும் சபிதா சுற்றியவை.
ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு மாசம்.
தமிழில் “சரிக்கா”, “ஆச்சுக்கா” இரண்டும் நன்றாய் வரும்.
கத்தினேன்.
வார்னிஷ் அடுப்புக்காரர் வெளியே வந்து
எட்டிப் பார்க்கிற அளவுக்கு.
கத்தும்போது, சொல்லக் கூசுகிறது,
நிம்மதியாகக்கூட இருந்தது.
கைகளுக்கு ஒரு சோலி கிடைத்திருந்தது.

அவள் அழவில்லை.
கம்பி கீறிய ஆள்காட்டி விரலைப்
போர்டுப் பக்கம் நீட்டினாள்.
நாற்பத்தாறு என்று நான் எழுதியது.
சாக்பீஸ் வழுக்கி, ஆறின் கொம்பு விழாமல்
பூஜ்யமாய் உட்கார்ந்திருந்தது.
நாற்பது.
அவள் சரியாக நாற்பது சுற்றியிருந்தாள்,
ஒன்று எச்சாகவும் இல்லை, கம்மியாகவும் இல்லை.

மேனேஜர் கனகசபாபதி வந்தார்.
“யாரும்மா இது?”
சபிதாவுக்குக் கேள்வி புரியவில்லை.
மற்ற பதினோரு பேருக்கும் புரிந்தது.
மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
“போர்டு எழுதுனது நானுங்க.”
என்னுடைய ‘ங்க’ தொண்டையில் மாட்டி வந்தது.
செம்பு கிலோ என்ன விலை என்று அவர் சொன்னார்.
எனக்குத் தெரியும்.
இரண்டு தரம் சொன்னார்.

சாயங்காலம் கட்டிங் பிளையரோடு உட்கார்ந்து
பதினேழிலும் கம்பியை வெட்டி உருவினோம்,
சபிதாவும் நானும்.
மன்னிப்புக்கு அவள் பாஷையில் என்ன சொல்லோ.
பாதி வர்க்கியை அவள் பக்கம் தள்ளினேன்.
பார்த்தாள்.
கடைசி ஸ்டேட்டர் முடிந்த பொறவுதான் எடுத்தாள்.

ரிஜிஸ்டரில் சேதம்: 17.
காரணம் என்ற கட்டம் கட்டைவிரல் அகலம்.
“என் ஆறு” என்று எழுதினேன்.

மறுநாள் போர்டில் எண்ணைப் போட்டுவிட்டு
கடைசி மேசை வரை நடந்துபோய்
அங்கே உட்கார்ந்து நானே வாசித்துப் பார்த்தேன்.
பிறகு ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொன்னேன்.
ஒண்ணாப்பு போலச் சிரித்தார்கள், வாசித்தார்கள்.
சபிதா நாலு விரல் காட்டினாள்,
மடக்கி, இரண்டு கையுமாய் ஆறு காட்டினாள்.
பதிலுக்கு நானும் காட்டினேன்.
கைகள் இதற்கும் ஆகும் போல.

சாந்தாமணி மட்டும் வாசிக்கவில்லை.
“எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமுங்க.”
சரி.
அந்த ‘ங்க’ இன்னும் கழலவில்லை.
அவசரப்பட்டு அவிழ்த்தால் எனாமல் உரியும்.
அது எனக்குத் தெரியும்,
ஒன்பது வருடம் கம்பி சுற்றியவள்.