எழுபத்தெட்டாம் ஆண்டு வான்

சட்பரியில் வாங்கினோம்.
விற்ற எய்னோ, நிக்கல் சுரங்கத்தில்
முப்பத்தொரு வருடம் நிலத்துக்கடியில் இருந்தவர்.
பெற்றோல் முள் பொய் சொல்லும் என்றார்,
கிலோமீற்றரை எண்ணச் சொன்னார்,
இன்னும் நிறையச் சொன்னார், பாதி விளங்கவில்லை.
சறுக்குக் கதவைச் சாத்த இரண்டு பேர் வேண்டும் என்றபோது மட்டும்
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நானும் சுகிர்தாவும்.
அவளுடைய அண்ணனோடு எனக்கு
ஐந்து வருடத்துக்கு முன் முடிந்துபோயிற்று.
நீதிமன்றம், முத்திரை, வீட்டை விற்றுப் பாதிப் பாதி.
மச்சாளை என்ன செய்வதென்று
அந்தத் தாள்களில் ஓரிடத்திலும் எழுதியிருக்கவில்லை.
வைத்துக்கொண்டேன்.

வான் பிறந்தது எழுபத்தெட்டில். நானும்.
முன்பு செம்மஞ்சளாம்; இப்போது
ஆறிப்போன பருப்புக்கறி நிறம்.
எஞ்சின் பின்பக்கம், எங்கள் தலையணைகளுக்குக் கீழே;
தண்ணீர் கேட்காது, காற்றைக் குடித்தே சீவிக்கும்.
"உன்ர டயற்தான்" என்றாள் சுகிர்தா.

மொன்றியல் ஆற்று ஏற்றத்தில்
இரண்டாம் கியர், முப்பத்தைந்து.
பின்னால் மரம் ஏற்றிய லொறிகள்
தேருக்குப் பின் பிரதட்டை அடிப்பவர்கள்போல
வருகின்றன, வருகின்றன.
சுகிர்தா யன்னலால் கையை நீட்டி
எல்லோரையும் ஆசீர்வதித்தாள்.
ஒருவன் நீளமாக ஹோர்ன் அடித்தான்.
ஸ்டியரிங்கை விட்டு வியர்வை துடைக்க எனக்குப் பயம்.

ஏறி முடிந்த இடத்தில்
ஏரி.

மறுகரை இல்லை.
கடல் என்று சொல்ல வாயெடுத்தேன்,
உப்பு மணக்கவில்லை, விட்டுவிட்டேன்.

அகாவா குடாவில் எங்களுக்கு இருபத்தேழாம் இலக்கம்.
பக்கத்தில் பஸ் அளவு வண்டி, உள்ளே பெரிய ரீவி.
அதிலிருந்து ஒருவர் பியர்க் கானோடு இறங்கி வந்து
எங்கள் கதவைத் தடவினார். கண் கலங்கினார்.
தன் அப்பாவிடம் இப்படி ஒன்று இருந்ததாம்.
சட்பரியிலிருந்து இது ஆறாவது அப்பா.
"எங்கட அப்பாட்ட றலி சைக்கிள்" என்றாள் சுகிர்தா தமிழில்,
வெங்காயத்திலிருந்து தலையை எடுக்காமல்.
அவர் விளங்கியவர்போலத் தலையாட்டினார்.

இரவு மழை.
தூக்கி நிறுத்திய கூரைத்துணியில் ஒரேயொரு பொத்தல்,
அதுவும் சரியாக என் முழங்காலுக்கு மேல்.
ரின்மீன் கறிச் சட்டியைக் கழுவி ஏந்த வைத்தோம்.
டொக்.
கட்டில் என்கிற பலகை நாலடி அகலம்.
திரும்புவதென்றால் இருவரும் கலந்துபேசித்தான் திரும்பவேண்டும்.
அந்தப் பழைய ஏழடிக் கட்டிலில்
ஒருவரும் என்னைக் கேட்டுத் திரும்பிப் படுத்ததில்லை.
டொக்.

அப்போது அவளுடைய போன் அதிர்ந்தது.
பகல் முழுக்க இல்லாத சிக்னல், ஒற்றைக் கோடு,
மரங்களுக்குள்ளால் எப்படியோ வந்திருக்கிறது.
திரையில் 'அண்ணா'.
ஸ்பீக்கரில் போட்டாள்,
வேண்டுமென்றோ கை தவறியோ.

"எங்க நிக்கிறாய்?"
"வானில."
"வானத்திலயோ? பிளேனோ?"
"வான், அண்ணா. படுக்கிற வான்."
"ஆரோட?"
"மச்சாளோட."

சட்டியில் இரண்டு சொட்டு.
அந்தப் பக்கம் யாரோ
தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம்.
"எந்த மச்சாள்?"

சுகிர்தா இருட்டில் என் பக்கம் திரும்பினாள்.
"எழுபத்தெட்டாம் ஆண்டு" என்றாள்.

அவன் என்ன சொன்னானோ,
ஒற்றைக் கோடும் போய்விட்டது.

நாங்கள் சிரித்ததில் வான் ஆடியது.
பக்கத்து வண்டியில் ஒரு விளக்கு எரிந்து அணைந்தது.
சிரித்ததில் எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது.
போய் வந்தேன், கதவு மூடவில்லை.
"எழும்படி."

அவள் மழைக்குள் நின்று கதவைத் தூக்கினாள்.
நான் உள்ளே நின்று இழுத்தேன்.
பிறகு சாரதிக் கதவால் ஏறி,
கியர்த் தடியில் சட்டை மாட்டுப்பட,
என்னைத் திட்டிக்கொண்டே ஊர்ந்து வந்தாள்.
ரோச் வெளிச்சத்தில்
அவளுடைய அண்ணனின் மூக்கு,
அதே மூக்கு,
நுனியில் ஒரு துளி தண்ணீரோடு.