ஆறு மடிப்பு

இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும்
பக்கத்து சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது.
தலையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். கைப்பழக்கம்.
இரவுப் பணி முடிந்து நேராக பஸ் ஏறியவள்.

ஏற்காட்டுப் பள்ளிக்கூட அரங்கில்
ஜப்பானியப் பூந்தட்டிகள். இன்று கடைசி நாள்.
ஜெபமாலை சிஸ்டர் வர மறுத்துவிட்டாள்:
"ஸ்கிரீன் பாக்க மலை ஏறணுமா?
வார்டுல மூணு நிக்குதே."

நிற்கிறது.
பச்சைத் துணி, இரும்புக் குழாய்,
ஒரு சக்கரம் மட்டும் கீச்சிடும்.
அந்தக் கீச்சு எந்தக் கட்டிலை நோக்கிப் போகிறதோ
அந்தப் பக்கம் பார்க்காமல்
மற்றவர்கள் ரசம்சோறு பிசைவார்கள்.

இங்கே ஆறு மடிப்பு, தங்கத் தகடு.
முதல் மடிப்பில் தொடங்கிய கொடி
மூன்றாவதில் காணாமல் போய்
ஐந்தில் பூக்கிறது: நீலக் காக்கட்டான்.
சூரமங்கலம் ரயில்வே வேலியில்
யாரும் வரையாமல் பூத்துக் கிடப்பதேதான்.
அடுத்த தட்டியில் வெள்ளைச் சாமந்தி.
சிப்பியை அரைத்துப் பூசியதாம்,
ஒவ்வோர் இதழும் தாளைவிட்டு எழும்பி நிற்கிறது.
தொடக் கூடாது.
கண்ணாலேயே முழம் போட்டேன்:
பிணவறை வாசலில் மாலையாக வாங்கினால்
முந்நூறு ரூபாய்.

"நேரா விரிச்சா விழுந்துடும்மா,"
காவலுக்கு நின்ற பொன்னுரங்கம் சொன்னார்.
"மடிஞ்சாத்தான் நிக்கும். எங்க மலை ரோடு மாதிரி."
அந்த ஊரில் இதன் பெயருக்குக்
காற்றை மறிப்பது என்று பொருளாம்.
சொல்லிக்கொண்டே ஜன்னல்களைச் சாத்தினார்.
ஏரியிலிருந்து மூடுபனி கிளம்பிவிட்டது,
தாளுக்கு ஈரம் ஆகாது.

பதினான்காம் கட்டில், ஓமலூர்க்காரர்.
தட்டியை உருட்டிக்கொண்டுபோய் நிறுத்தியபோது
அவர் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"ஜன்னல மறைக்காதீங்க,
மலையப் பாத்துட்டு இருக்காரு."
மறைக்கத்தான் வேண்டும்.
ஒரு மடிப்பை மட்டும் ஒரு சாண் விலக்கினேன்.
அந்தச் சாண் வழியே
இந்த மலை.
எனக்கு ஒரு நீலக் கோடுதான் தெரிந்தது.
அவருக்கு என்ன தெரிந்தது என்று
கேட்கும் நிலை தாண்டியிருந்தது.

"பின்னாடி போய்ப் பாக்கலாமா?"
பொன்னுரங்கம் வாசலைப் பார்த்தார்,
பிறகு தலையசைத்தார்.
பின்னால் பழுப்புத் தாள்,
ஒட்டுப் போட்ட ஒரு கிழிசல், ஓர் எண்,
அவருடைய தூக்குச்சட்டி, மடித்த சால்வை.
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.
முன்னால் யாரோ "எவ்ளோ அழகு" என்றார்கள்.
குரல் மட்டும் வந்தது.
படுத்திருப்பவர்களுக்கும்
இப்படித்தான் கேட்கும் போல.

பஸ் ஏறும் முன் கடையில்
தையல் மெஷின் எண்ணெய் ஒரு டப்பா வாங்கினேன்.
பாதி மலை இறங்கியதும்
சேலம் விளக்குகளோடு விரிந்தது.
அப்போதுதான் தோன்றியது:
கீச்சு நின்றுவிட்டால்
தட்டி வருவது யாருக்கும் தெரியாது.
கட்டிலில் இருப்பவருக்கும்.

டப்பா பையில் இருக்கிறது.
எட்டு மணிக்குப் பணி.