சாம்பிள் இல்லை

கல்முனையில் ஸ்டூடியோ போட்டவர்கள்
கண்ணாடிக்குள் மணமக்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.
எனக்கு ஷோகேஸ் இல்லை.
சாய்ந்தமருதில், கடற்கரை வீதிக்கு இரண்டு ஒழுங்கை உள்ளே,
தையல் மெஷின் இருந்த அறை.
சுவரில் மாட்டியிருப்பவை:
மருதோன்றி இட்ட உள்ளங்கை, முகமில்லாமல்.
மூன்றடுக்குக் கேக்.
யாரும் இன்னும் உட்காராத மேடை.

"மாதிரிக்குப் பொண்ணுட படம் ஒண்டு
காட்டுங்களன் மகள்" என்பார்கள் வருகிறவர்கள்.
காட்டினால், நாளைக்கு உங்கட மகளையும்
இன்னொருவருக்குக் காட்டுவேன்தானே, என்பேன்.
அந்த இடத்தில்தான்
அட்வான்ஸ் கைக்கு வரும்.

முதல் கமரா
நிந்தவூர் ஆள் ஒருவர் கட்டாருக்குப் போகும் அவசரத்தில் விற்றது.
லென்ஸுக்காக என் காப்பு இரண்டும் அடகுக்குப் போயின;
ஒன்று திரும்பி வந்துவிட்டது.
கடற்காற்று லென்ஸுக்குள் பூஞ்சணம் வைக்குமென்று
யாரும் சொல்லவில்லை.
ஒரு மாரி முழுக்க அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன்.
அந்த அரிசியையும் ஒருநாள்
மாமி உலையில் போட்டுவிட்டா.

அஸ்மீர் ஆட்டோவில் கொண்டு வந்து இறக்குவார்,
வாசல் வரைக்கும்தான்.
உள்ளே நானும் சஹ்மினாவும்.
அவள் லைட் ஸ்டாண்டை நிமிர்த்தினால்
அறையிலுள்ள அத்தனை பெண்களும்
ஒருமுறை முக்காட்டைச் சரி செய்வார்கள்.
பிறகு, இவளுகளும் பெண்கள்தானே என்று
விட்டுவிடுவார்கள்.
அப்படி விட்டுவிடுகிற நிமிடத்துக்குத்தான்
என் கூலி.

வெள்ளாமை வெட்டி முடிந்த மாதம்
ஒரே நாளில் மூன்று கலியாணம்.
நோன்பு மாதம் பூச்சியம்.
பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் நிபந்தனை அச்சடித்திருக்கிறேன்:
அல்பம் கொடுத்து தொண்ணூறு நாளில்
எல்லாப் படங்களும் அழிக்கப்படும்.
சிலவேளை தாய்மாரின் கண்முன்னாலேயே அழிப்பேன்.
சம்மாந்துறைத் தாய் ஒருவர்
அழித்த பிறகும் கமராவைத் தலைகீழாகப் பிடித்துக்
குலுக்கிப் பார்த்தா.

போன கிழமை ஒரு அழைப்பு.
"நான் ஜெஸீமா. மாளிகைக்காடு. ரெண்டு வருஷத்துக்கு முந்தி."
அல்பம்? நல்லா இரிக்கா?
"காதி கோட்டில எல்லாம் முடிஞ்சிட்டு.
அல்பத்த நான்தான் கிழிச்சன்.
ஒண்டு மட்டும் வேணும்.
அவர் வாறதுக்கு முந்தி எடுத்தது. நான் சிரிக்கிறது.
வெச்சிரிக்கீங்களா?"

இல்லை.

இந்தத் தொழிலில் நான் கட்டிய ஒரே கட்டடம்
அந்த இல்லைதான்.
அன்றைக்கு அதில்
என் தலையே இடித்தது.

கையில் படம் இல்லாததால் வாயால் சொன்னேன்:
இடப்பக்கம் ஜன்னல். நாலு மணி இருக்கும்.
கரண்ட் போய்விட்டது, வெளிச்சம் அந்த ஜன்னல் தந்ததுதான்.
உங்கட ஒரு காதில் தோடு, மற்றது தொலைந்துபோய்
மச்சி கட்டிலுக்குக் கீழே தேடப் போனா.
அங்கே ஒளித்து வைத்திருந்த வட்டிலப்பத்துக்குள்
முழங்கை வரைக்கும் கையை விட்டுவிட்டா.
நீங்கள் வாயை மூடவில்லை. பல் எல்லாம் தெரிந்தது.
கழுத்தில் ஒரு நரம்பு.
படம் கொஞ்சம் கலங்கல்தான்.
நானும் சிரித்தேன், கை ஆடிவிட்டது.

அந்தப் பக்கம் சத்தமில்லை.
அவள் வீதியால் மீன் லொறி ஒன்று
ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.
பிறகு கேட்டாள்:
"ஒரு ஆள மட்டும் எடுக்க என்ன காசு?"

விலைப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன்.
மருதோன்றி இரவு, பெண் வீடு, வலீமா,
பெரிய அல்பம், சின்ன அல்பம்.
ஒரு ஆளுக்கு நான் விலை போட்டதே இல்லை.

ஞாயிறு வாங்க, என்றேன். நாலு மணிக்கு.

ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த அஸ்மீர்
தலையை நீட்டினார்: "ஆர்ர கலியாணம்?
எத்தின மணிக்கு வெளிக்கிடோணும்?"
கலியாணமில்லை, இங்கேதான் என்றுவிட்டு
தையல் மெஷின் காலத்திலிருந்து மூடிக் கிடக்கும்
ஜன்னலைத் திறக்கப் போனேன்.
கொண்டி துருவேறி இறுகியிருந்தது.
எண்ணெய்ப் போத்தலைக் கொண்டாங்க,
என்று கத்தினேன்.