பதினெட்டு

பெகு ரயிலடிக்கு எதிரே சாக்குத் தொங்கவிட்ட கொட்டகை.
ஒரு மேசை, ஒரு மைக்கூடு,
உயரம் பார்க்கக் கோடு கிழித்த மூங்கில்.
நான்தான் கிளார்க்.
அதுவரை அரிசி ஆலையில் மூட்டை எண்ணியவன்,
அன்றிலிருந்து ஆள் எண்ணினேன்.

முப்பத்தோராவதாக வந்தான் காத்தமுத்து.
கன்னத்தில் தனாக்கா இன்னும் காயவில்லை,
தங்கச்சி யாரோ பூசிவிட்டிருக்க வேண்டும்.
மேலுதட்டில் அடுப்புக்கரி.
வியர்வையில் அந்த மீசை பாதி கரைந்து
வாயோரம் இறங்கிக்கொண்டிருந்தது.

"வயசு?"
"பதினெட்டுங்க."
"எந்த வருஷம் பொறந்தே?"
"வெள்ளம் வந்த வருஷம்."
பெகுவில் வெள்ளம் வராத வருஷம் எது?

மூங்கிலோடு ஒட்டி நின்றபோது
அவன் குதிகால் இரண்டும் தரையில் இல்லை.
பார்த்தேன்.
பார்த்துவிட்டுத்தான் பதினெட்டு என்று எழுதினேன்.
அன்றைக்கு மை நன்றாக ஓடியது,
ஒரு திட்டுக்கூட விழவில்லை.

அடுத்தவன் சேகு மீரான். அவனும் பதினெட்டு.
அதற்கடுத்து உடையப்பன், சேவுகன்,
ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள்.
ஒருவன் பதினெட்டு என்றான், மற்றவன் பத்தொன்பது.
இரண்டையும் எழுதினேன்.

போப்பா மலைக்குத் தெற்கே ஓர் ஓடை. மாசி மாதம், முழுக்க மணல்.
நிழல் என்றால் பனைநிழல்தான்,
ஆளுக்கு ஒரு கோடு.
தூரத்தில் புழுதி எழுந்தது. டாங்கிகள் என்றார்கள்.
கம்பெனி பின்வாங்க அரைமணி வேண்டும்,
மெஷின்கன்னோடு ஒருவன் இருக்க வேண்டும் என்றார் காப்டன்.
நிஜ மீசை வைத்திருந்தவர்கள் எல்லோரும் மணலைப் பார்த்தோம்.

காத்தமுத்து கை தூக்கினான்,
ஒற்றை விரலை நீட்டி,
ஒன்றுக்குப் போக வாத்தியாரைக் கேட்பதுபோல.
யாரும் சிரிக்கவில்லை.
"ரவை எடுத்துக் குடுக்க ஆள் வேணும்ல"
என்று சேகு மீரான் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டான்.
அவனை ஒருவரும் கேட்கவேயில்லை.

பேரேட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினேன்.
பனங்காட்டுக்குள் நின்று காது கொடுத்தோம்.
சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.
அரைமணி ஆயிற்று.
வாங்கடா, போதும் வாங்கடா என்று
பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.
முக்கால் மணி.
பிறகு ஒரே ஒரு வெடி, தனியாக.
அதன்பின் செம்போத்து ஒன்று விடாமல் கூவியது.
அதைச் சுட வேண்டும் போலிருந்தது,
கையில் பேனா மட்டுமே வைத்திருந்த எனக்கு.

புலிக்குட்டிகள் என்று மேடையில் பேசுகிறார்கள்.
முந்தின ராத்திரி
அவனுக்கு மூன்று தடவை வயிறு கலங்கிற்று.
ஒவ்வொரு தடவையும் என்னை எழுப்பினான்,
இருட்டில் துணைக்கு வரச் சொல்லி.
பனங்கிழங்கு ஒத்துக்கலை என்றான்.
விடிந்ததும் தூக்கியது அதே கைதான்.

சித்திரையில் ரங்கூன்.
பேரேடுகளைக் கொளுத்த உத்தரவு.
தாள்தாளாகக் கிழித்துப் போட்டு வந்தவன்
அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தினேன்.
பதினெட்டை அடித்தேன், பதினைந்து.
மீரானுக்குப் பதினாறு.
இரட்டையருக்கு ஒரே வயது.
திருத்தினால் ஓரத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும்,
வைத்தேன்.
மை காயும்வரை ஊதினேன்.
பிறகு தீயில் போட்டேன்.

இருபது வருஷம் கழித்து
நெல் லாரி பழுதாகி நின்றது தவுக்சானில்,
அந்தப் பக்கத்துப் படையின் கல்லறைத் தோட்டத்து வாசலில்.
வெயிலுக்கு உள்ளே போனேன்.
வெட்டிய புல், ரோஜாச் செடி, வரிசை வரிசையாய்க் கல்.
எழுத்துக்கூட்டிப் படித்தால் நம் பேர் ஒன்று: வேதமாணிக்கம்.
மதராஸ் படை.
வயது பதினெட்டு.

டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.
குனிந்து அந்த எண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
எந்த ஊர்க் கிளார்க்கோ.
அவனும் குதிகாலைப் பார்த்திருப்பான்.